கார் பழசாயிடுச்சா, இல்ல கைப்பிடி மட்டும் பழசாயிடுச்சா?



கார் வாங்கி ஆறேழு வருஷம் ஆனவங்க, உங்க காரோட உள்பக்கத்தை ஒரு நிமிஷம் மனசுல கொண்டு வாங்க. ஸ்டீயரிங்ல கை வைக்கிற இடம் மட்டும் தேஞ்சு பளபளன்னு இருக்கும். பவர் விண்டோ சுவிட்ச் இருக்கிற பேனல் முழுக்க மோதிரக் கீறல். ஏ.சி. வென்ட்டைச் சுத்தி இருந்த சில்வர் பெயிண்ட் செதில் செதிலா உதிரும். கதவைச் சாத்துற கைப்பிடி கையில பிசுபிசுன்னு ஒட்டும். ஆனா இன்ஜின்? காலையில ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகும். மைலேஜும் பெருசா குறைஞ்சிருக்காது.

பிரச்சினையே இங்கதான் ஆரம்பிக்குது. நாம தினமும் தொடுறது இன்ஜினை இல்ல, இந்தப் பிளாஸ்டிக்கைத்தான். அதனால பிளாஸ்டிக் பழசானா, காரே பழசான மாதிரி மனசு முடிவு பண்ணிடுது. அப்ரைசல் வந்த மாசம், ஆபீஸ் பார்க்கிங்ல பக்கத்துல புது எஸ்.யூ.வி. நிக்குது, ஒரு டெஸ்ட் டிரைவ் போயிட்டு வந்தா போதும். அடுத்த அஞ்சு வருஷத்துக்கு இ.எம்.ஐ. ரெடி.

புது கார் வாங்கவே கூடாதுன்னு நான் சொல்ல வரலை. காரோட தோற்றம் தேஞ்சதுக்கும் கார் தேஞ்சதுக்கும் தனித்தனியா விலை போடுங்க. அவ்வளவுதான். முதல் விஷயத்துக்கு ரெண்டு ஞாயிற்றுக்கிழமையும் சுமார் 3,000 ரூபாயும் பெரும்பாலும் போதும். எப்படின்னு பார்ப்போம்.

முதல்ல கணக்கு

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். புது கார் ஆன்-ரோடு 10 லட்சம். பழைய காரை 3 லட்சத்துக்குக் கொடுக்கிறீங்க. மீதி 7 லட்சம் லோன், வட்டி 9.5 சதவீதம், 5 வருஷம். இ.எம்.ஐ. மாசம் 14,701 ரூபாய். மொத்தம் கட்டுறது 8.82 லட்சம், அதுல வட்டி மட்டும் 1.82 லட்சம்.

இப்போ இதே முடிவை 2 வருஷம் தள்ளிப் போடுறீங்கன்னு வெச்சுக்குவோம். அந்த 14,701 ரூபாயை மாசாமாசம் ஒரு ஆர்.டி.யில போடுறீங்க. வட்டியை விட்டுட்டாலும் 24 மாசத்துல 3.52 லட்சம் சேரும்.

"பழைய கார் விலை குறையுமே, புது கார் விலை ஏறுமே"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. அதையும் கழிச்சே பார்ப்போம். பழைய கார் விலை 90,000 குறையுது, புது கார் விலை 60,000 ஏறுது, ரெண்டு வருஷத்துல கூடுதல் மெயின்டெனன்ஸ் 50,000 ஆகுது. மொத்தம் 2 லட்சம் போச்சு. அப்பவும் கையில 1.52 லட்சம் மிச்சம். லோன் 7 லட்சத்துக்குப் பதிலா 5.47 லட்சம் வாங்கினா போதும். இ.எம்.ஐ. சுமார் 11,490 ரூபாய். மாசம் 3,200 ரூபாய் குறைவு, மொத்த வட்டியில சுமார் 40,000 ரூபாய் மிச்சம். நடுவுல ரெண்டு வருஷம் கார் கடன் இல்லாத வாழ்க்கை, அதுக்குள்ள வேலை மாறினாலும் பயம் இல்ல.

இதெல்லாம் உதாரண எண்கள்தான். உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. ஆனா ஒண்ணு. இந்த ரெண்டு வருஷமும் தினமும் காலையில அந்தப் பிசுபிசுக்கிற கைப்பிடியைத் தொட்டா, மனசு தாங்காது. ஆறாவது மாசமே ஷோரூமுக்குப் போயிடுவீங்க. அதனால 3,000 ரூபாய் வேலையை அலங்காரச் செலவா பார்க்காதீங்க. தள்ளிப் போட்ட முடிவைக் காப்பாத்துற செலவு அது.

எப்போ இது வேண்டாம்?

சில காரணங்களுக்குப் பெயிண்ட் அடிச்சுச் சமாளிக்கவே கூடாது. தரைப் பலகையில துரு, இன்ஜின்ல ஆயில் குடிக்கிறது, திரும்பத் திரும்ப வர்ற கியர்பாக்ஸ் செலவு, இதெல்லாம் கார் உண்மையிலேயே தேஞ்சதுக்கான அடையாளம். பாதுகாப்பும் அப்படித்தான். இந்தியாவுல எல்லா புது கார்லயும் டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலை 1 முதல்தான். அதுக்கு முன்னாடி வாங்கின பேஸ் மாடல்ல ஏர்பேக்கே இல்லாம இருக்கலாம். வீட்டுல குழந்தை வந்தாச்சு, அடிக்கடி ஹைவே போறீங்கன்னா, கார் மாத்துறது நியாயமான செலவு. அங்க என் கணக்கைக் காட்டி மிச்சம் பிடிக்காதீங்க.

இன்னொரு கேள்வியும் வரும்: "இன்சூரன்ஸ்ல கிளைம் பண்ணலாமா?" முடியாது. தேய்மானம் ஓன் டேமேஜ் பாலிசியில விலக்கு. விபத்துல உடைஞ்சா கிளைம் உண்டு. ஆனா சாதாரண பாலிசியில பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிச்சுட்டுத்தான் கொடுப்பாங்க. அந்தக் கழிவு இல்லாம இருக்கத்தான் ஜீரோ டெப்ரிசியேஷன் கவர். கார் இன்னும் வாரன்ட்டியில இருந்தா, நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடி சர்வீஸ் சென்டர்ல ஒரு தடவை கேட்டுடுங்க. ஆபீஸ் லீஸ் கார்னா, ஒப்பந்தத்தைப் படிச்சுட்டு ஆரம்பிங்க.

பிளாஸ்டிக் ஏன் இப்படி ஆகுது?

வெயில், வியர்வை, ஈரப்பதம். மூணும் நம்ம ஊர்ல தாராளமா கிடைக்கும். வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் நிறத்தை வெளுக்க வைக்குது. கை வியர்வையும் சானிடைசரும் மேல்பூச்சை அரிக்குது.

பிசுபிசுப்புக்குக் காரணம் அழுக்கு மட்டும் இல்ல. தொடுறதுக்கு ரப்பர் மாதிரி மெத்துன்னு இருக்கணும்னு சில பாகங்கள் மேல பாலியூரித்தேன் பூச்சு கொடுப்பாங்க. சூட்டுலயும் ஈரத்துலயும் வருஷக்கணக்கா இருந்தா அந்தப் பூச்சு ரசாயன ரீதியா உடைஞ்சு பசை மாதிரி ஆயிடும். எவ்வளவு ஷாம்பு போட்டாலும் போகாது. அந்தப் பூச்சையே எடுத்தாத்தான் தீரும். நல்ல செய்தி என்னன்னா, அதுக்கு அடியில இருக்கிற கெட்டிப் பிளாஸ்டிக் பெரும்பாலும் நல்லாவே இருக்கும்.

படி 1: செலவே இல்லாம பாதி வேலை

பெயிண்ட் வாங்க ஓடாதீங்க. முதல் ஞாயிற்றுக்கிழமை சுத்தம் மட்டும். பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணி, பழைய டூத்பிரஷ், மைக்ரோஃபைபர் துணி. துணியை நல்லா பிழிஞ்சுட்டுத் துடைங்க. சுவிட்ச் மேல தண்ணி ஊத்தக் கூடாது. "தேஞ்சு போச்சு"ன்னு நாம நினைக்கிறதுல கணிசமான பங்கு, பழைய அழுக்கும் வாட்டர் வாஷ்ல அடிச்ச சிலிக்கான் பாலிஷும் சேர்ந்த படலம்தான். ஸ்டீயரிங் பளபளப்பு பல கார்ல கை எண்ணெய். துடைச்சா பழைய மேட் நிறம் திரும்ப வரும்.

பிசுபிசுக்கிற பாகத்துக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வேணும். மொபைல் சர்வீஸ் கடையில ஐ.பி.ஏ.ன்னு கேட்டா தெரியும். துணியில நனைச்சு, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில முதல்ல தேய்ச்சுப் பாருங்க. அடிப் பிளாஸ்டிக் மங்காம இருந்தா தொடருங்க. பூச்சு கறுப்பா உருண்டு உருண்டு வரும், துணியை மாத்திக்கிட்டே இருங்க. சுவிட்ச் மேல இருக்கிற படக்குறிகளும் இதுல அழிஞ்சுடும். அதனால அதை மட்டும் மாஸ்கிங் டேப் போட்டு மூடிடுங்க. தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் மூணும் வேண்டாம். கார்ல அதிகம் பயன்படுற ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கை நெயில் பாலிஷ் ரிமூவர் கரைச்சே விட்டுடும். (பிரேக் ஏ.பி.எஸ். இல்ல, இது ஒரு பிளாஸ்டிக் வகை.)

இதோட நிறுத்திக்கிறவங்க நிறைய பேர் இருப்பாங்க. திருப்தியா இருந்தா நீங்களும் நிறுத்திடுங்க. செலவு 500 ரூபாயைத் தாண்டியிருக்காது.

படி 2: கீறலும் உதிர்ந்த பெயிண்டும்

சுவிட்ச் பேனல், வென்ட் ஃப்ரேம், கியரைச் சுத்தி இருக்கிற தட்டு மாதிரி கழட்டக்கூடிய சின்னப் பாகங்களை மட்டும் எடுத்துக்கோங்க. இக்னிஷனை ஆஃப் பண்ணிடுங்க. பெரும்பாலும் கிளிப்லதான் நிக்கும். ஸ்க்ரூ டிரைவரால நெம்பினா புதுசா ஒரு கீறல் விழும். பிளாஸ்டிக் ட்ரிம் டூல் செட் வாங்கிக்கோங்க. உங்க மாடல் பேரைப் போட்டு அந்தப் பாகத்தைக் கழட்டுற வீடியோவைப் பார்த்துட்டே ஆரம்பிங்க. ஒயர் கனெக்டரை இழுக்காதீங்க, பூட்டை அமுக்கினாத்தான் கழலும். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் எங்க இருந்துச்சுன்னு போன்ல படம் எடுத்து வெச்சுக்கோங்க.

அடுத்து, பாகத்தோட பின்பக்கத்தைப் பாருங்க. என்ன பிளாஸ்டிக்னு எழுத்து பொறிச்சிருக்கும். ஏ.பி.எஸ்.னா சாதாரண பிளாஸ்டிக் ப்ரைமர் போதும். பி.பி., அதாவது பாலிப்ரொப்பைலின்னா, அது மேல பெயிண்ட் பிடிக்காது. ப்ரைமருக்கு முன்னாடி அட்ஹிஷன் ப்ரமோட்டர்னு தனியா ஒரு ஸ்ப்ரே அடிக்கணும். இதைக் கவனிக்காமத்தான் "ஒரு மாசத்துல உரிஞ்சு போச்சு"ங்கிற புகார் வருது.

பிறகு சோப்புத் தண்ணியில கழுவி, காய வெச்சு, ஐ.பி.ஏ.வால துடைங்க. சிலிக்கான் பாலிஷ் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் பெயிண்ட் அங்கங்க விலகிச் சின்னச் சின்னக் குழியா நிக்கும். வழவழப்பான பாகம்னா 400 நம்பர் வாட்டர் பேப்பர்ல கீறலைத் தேய்ச்சு, 600-ல முடிங்க. விரல் நகத்தால வருடினா கீறல் தட்டக் கூடாது. தோல் மாதிரி சொரசொரப்பு டிசைன் இருக்கிற பாகத்தைப் பேப்பர் போட்டுத் தேய்க்காதீங்க, டிசைன் போயிடும். பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்க்ரப்பர்ல லேசா உரசினா போதும்.

ப்ரைமர் ரெண்டு மெல்லிய கோட், பெயிண்ட் மூணு மெல்லிய கோட், மேட் கிளியர் ரெண்டு கோட். கேனை ஒரு சாண் தூரத்துல பிடிச்சு, பாகத்துக்கு வெளியில ஆரம்பிச்சு வெளியில முடிங்க. கோட்டுக்கு நடுவுல 10, 15 நிமிஷம், இல்லன்னா கேன்ல போட்டிருக்கிற நேரம். ஒரே தடவையில மூட நினைச்சா வழிஞ்சுடும். டேஷ்போர்டு பக்கத்துல வர்ற பாகத்துக்கு கிளாஸ் ஃபினிஷ் வேண்டாம். வெயில்ல கண்ணாடியில பிரதிபலிச்சு, ஓட்டும்போது கண்ணை உறுத்தும்.

மழை நாள்ல இந்த வேலையை எடுக்காதீங்க. ஈரக் காத்துல பெயிண்ட் வெளுத்துப் பனி படர்ந்த மாதிரி ஆயிடும். உச்சி வெயில்லயும் வேண்டாம். காத்தோட்டமான மாடி நிழல், மாஸ்க், பக்கத்துல அடுப்போ ஊதுபத்தியோ இல்லாத இடம். ஸ்ப்ரே கேனை மூடின கார்ல விட்டுட்டுப் போகவே போகாதீங்க. 50 டிகிரிக்கு மேல சூடாகக் கூடாதுன்னு கேன்லயே எழுதியிருக்கும். நம்ம ஊர் வெயில்ல நிக்கிற கார் அந்தச் சூட்டைச் சுலபமா தாண்டிடும்.

கடைசியா, பொறுமை. சாயங்காலமே தொட்டா காய்ஞ்ச மாதிரிதான் இருக்கும். ஆனா ரெண்டு நாள் விட்டுட்டு மாட்டுங்க. அவசரப்பட்டா கிளிப் மாட்டும்போதே உங்க கைரேகை அதுல பதிஞ்சுடும்.

படி 3: பெயிண்ட் வேண்டாத இடங்கள்

கை ஓயாம படுற இடத்துல வீட்டுப் பெயிண்ட் நீண்ட நாள் நிக்காது. கியர் நாப் மாதிரி பாகத்தைப் புதுசா மாத்துறதே மலிவு. வழவழப்பான, அதிகம் வளையாத பாகத்துக்கு வினைல் ஒட்டலாம். மூலையில ஹேர் டிரையரால சூடு காட்டி மடிச்சா நல்லா உட்காரும். ஆனா சொரசொரப்பு மேலயும், பிசுபிசுப்பை எடுக்காத பூச்சு மேலயும் ஒட்டினா சீக்கிரமே ஓரம் கிளம்பிடும்.

சென்னையில இருக்கிறவங்களுக்கு இன்னொரு வழி, புதுப்பேட்டை. உங்க மாடலோட பேனலே பழசுல நல்ல நிலையில கிடைச்சா, பெயிண்ட் செலவை விடக் குறைவா முடியலாம். பழைய பாகத்தைக் கையில எடுத்துட்டுப் போய் ஒப்பிட்டு வாங்குங்க. புது அக்சசரீஸ்னா ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. ஏர்பேக், சீட் பெல்ட் மாதிரி பாதுகாப்புப் பாகங்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பழசுல வாங்காதீங்க.

ஸ்டீயரிங் தோல் உரிஞ்சு அடியில துணி தெரிஞ்சா அது ரெக்ஸின் வகை. எந்த லெதர் கிரீமும் அதைத் திரும்ப ஒட்டாது. வளையத்தைச் சுத்தி ஊசி நூல் போட்டுத் தைக்கிற கவர்தான் வழி. சீட் கவர் கடையிலயே தைச்சுக் கொடுப்பாங்க. சும்மா மாட்டுற தொளதொள கவர் திருப்பும்போது வழுக்கும், வேண்டாம்.

கூரைத் துணி தொங்கினா, அடியில இருக்கிற ஃபோம் பொடிஞ்சிருக்குன்னு அர்த்தம். முன்பக்கமா பசை அடிச்சா நிக்காது. போர்டையே இறக்கித் துணி மாத்தணும். அது அப்ஹோல்ஸ்டரி கடை வேலை, நம்ம வேலை இல்ல.

தொடவே கூடாத கோடு

எஸ்.ஆர்.எஸ். அல்லது ஏர்பேக்னு எழுதியிருக்கிற எந்தப் பாகத்தையும் கழட்டாதீங்க, பெயிண்ட் அடிக்காதீங்க, ஸ்டிக்கர் ஒட்டாதீங்க. ஸ்டீயரிங் நடு மூடி, பயணி பக்க டேஷ்போர்டு, மாடலைப் பொறுத்து முன் தூண் மூடி, சீட்டோட வெளிப்பக்க ஓரம், கூரை ஓரம். ஏர்பேக் விரியும்போது கிழிய வேண்டிய தையலை நீங்க மூடிட்டா, அது விரியுற விதமே மாறிடலாம். பெடல் ரப்பருக்கும் பாலிஷ் போடக் கூடாது, கால் வழுக்கும். தேஞ்சிருந்தா புது ரப்பர் மாத்துங்க.

விக்கிறப்போ லாபம் வருமா? வாங்குறப்போ?

"3,000 செலவு பண்ணா 30,000 ஏத்தி விக்கலாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வாங்குறவர் வருஷம், கிலோமீட்டர், எத்தனாவது ஓனர், விபத்து ஆச்சா, சர்வீஸ் ரெக்கார்டு இதையெல்லாம் பார்த்துத்தான் விலை சொல்வார். சுத்தமான உள்பக்கம் பேரத்தைச் சுமுகமாக்கும், அவ்வளவுதான். உள்பக்கம் வேலை பார்த்ததை வாங்குறவர்கிட்ட சொல்லிடுங்க. போன்ல எடுத்த படங்களையும் காட்டுங்க.

ஏன்னா, தேய்மானம் ஒரு சாட்சி. மீட்டர் 30,000 கிலோமீட்டர் காட்டுது, ஆனா பெடல் ரப்பர் வழிச்சு விட்ட மாதிரி இருக்கு, டிரைவர் சீட் ஓரம் அமுங்கிக் கிடக்குன்னா, மீட்டரைக் குறைச்சிருக்க வாய்ப்பு இருக்கு. அதே மாதிரி, பழைய கார்ல ஸ்டீயரிங்கும் பெடலும் மட்டும் பளிச்னு புதுசா இருந்தாலும் ஏன்னு கேளுங்க. சர்வீஸ் ரெக்கார்டுல இருக்கிற கிலோமீட்டரோட ஒப்பிட்டுப் பாருங்க.

முதல் காரையே செகண்ட் ஹேண்ட்ல வாங்கப் போற நண்பர்களே, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான் அதிகமா பயன்படும். இன்ஜின் நல்லா இருந்து, ரெக்கார்டு சரியா இருந்து, உள்பக்கம் மட்டும் அலங்கோலமா இருக்கிற காரை மத்தவங்க பார்த்ததுமே ஒதுக்குவாங்க. ஓனர் விலையைக் குறைக்கத் தயாரா இருப்பார். அதைச் சரி பண்ண என்ன ஆகும்னு இப்போ உங்களுக்குத் தெரியும். குறைச்ச பணத்துல கொஞ்சத்தை எடுத்து, நம்பகமான மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. பளபளக்கிற டேஷ்போர்டுக்கு அதிகம் கொடுக்கிறதை விட அது நல்ல முதலீடு.

செலவுக்கு ஒரு வரம்பு

மேல போட்ட உதாரணத்துல, ஒரு மாச இ.எம்.ஐ.யில அஞ்சுல ஒரு பங்கு சுமார் 3,000 ரூபாய். அதையே உச்சவரம்பா வெச்சுக்கோங்க. பட்டியல் போட்டுட்டுக் கடைக்குப் போங்க. இல்லன்னா ஆம்பியன்ட் லைட், ஸ்பீக்கர், டச் ஸ்கிரீன்னு பில் 25,000-ல நிக்கும். அப்புறம் "இவ்வளவு செலவு பண்ணதுக்குப் புது காருக்கு டவுன் பேமென்ட் கட்டியிருக்கலாமே"ன்னு நீங்களே சொல்வீங்க. வேலை முடிஞ்சதும் கண்ணாடிக்கு ஒரு மடக்கு சன்ஷேடு வாங்கி வெயில்ல நிறுத்தும்போதெல்லாம் போடுங்க. திரும்பவும் இந்த நிலைமை சீக்கிரம் வராம இருக்க இதைவிட மலிவான வழி இல்ல.

இந்த ஞாயிற்றுக்கிழமை படி 1 மட்டும் செஞ்சு பாருங்க. ஒரு மாசம் ஓட்டுங்க. அப்பவும் புது கார் வேணும்னு தோணினா, காரணத்தை ஒரு பேப்பர்ல எழுதுங்க. பாதுகாப்பு, இடவசதி, ரிப்பேர் செலவுன்னு வந்தா தாராளமா வாங்குங்க. "உள்ள உட்கார்ந்தா ஒரு மாதிரி இருக்கு"ன்னு மட்டும் வந்தா, 14,701-க்குப் பதிலா 400 நம்பர் வாட்டர் பேப்பரை எடுங்க.

உங்க கார்ல எந்தப் பாகம் ரொம்பப் படுத்துது, எத்தனை வருஷ கார்னு கமெண்ட்ல போடுங்க. சந்தேகம் இருந்தா அதையும் கேளுங்க, அடுத்த வீடியோவுல பேசிடலாம். கார் மாத்தலாமான்னு யோசிச்சுட்டு இருக்கிற நண்பருக்கு, அவர் டெஸ்ட் டிரைவ் போறதுக்கு முன்னாடி இதை அனுப்பிடுங்க!